சிவப்புத் தொப்பி மாமா

சித்திக்கு முகம் தெரியாத ஆள் யார்மேலும் நம்பிக்கை கிடையாது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த கையோடு போனைக் காதில் வைத்துவிடுவாள். "ஆங், அண்ணே, ஏறிட்டேன். வண்டி நம்பரு அனுப்பியிருக்கேன் பாரு. ஸ்டேஷன்லதான இருக்க?" என்று, ஓட்டுபவர் காதில் நன்றாக விழுகிற மாதிரி பேசுவாள்.

அம்மாவும் சித்தியும் இரண்டே பெண்கள், கூடப் பிறந்த அண்ணன் தம்பி யாரும் கிடையாது. ஏழு வயதில் எனக்கே இது தெரியும். இருந்தாலும் போனில் இருக்கிற அந்தப் போலீஸ் மாமாவை நான் நம்பினேன். எங்கள் ஊர்ப் போலீசுக்குச் சிவப்புத் தொப்பி, ஆகவே மாமாவுக்கும் சிவப்புத் தொப்பி என்று முடிவு கட்டியிருந்தேன். பெரியவர்கள் என்னென்னவோ ஒளித்து வைக்கிறார்கள், ஒரு மாமாவை ஒளித்து வைக்க மாட்டார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு மூலக்குளத்தில் இருந்த வீட்டுக்கு ஆட்டோ ஏறினோம். நெல்லித்தோப்பு தாண்டியும் சித்தி பேச்சை விடவில்லை. ரெட்டியார்பாளையத்தில் வண்டிகள் நகரவில்லை. "உள்ள பூந்து போய்டலாம்மா" என்ற ஆட்டோக்காரர், பதிலுக்குக் காத்திராமல் வலப்பக்கம் திருப்பினார். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போகிற வழி அது. சித்தி அங்கேதான் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஈ காக்கா இருக்காது என்று அவளுக்குத் தெரியாதா?

"அண்ணே, மேட்டுப்பாளையம் வழியா வந்துனு இருக்கோம்" என்று குரலை உயர்த்தினாள். மாமாவுக்குக் கேட்காதே என்று எனக்கு ஒரே கவலை. "சித்தி, உன் போன்ல சார்ஜே இல்லியே! செருப்புக் கடையிலயே ஆஃப் ஆயிடுச்சே!" என்று கத்தினேன்.

சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அம்மாடி! கண்ணாடியில் ஆட்டோக்காரரும் எங்களைப் பார்த்தார். பூட்டிய கேட்டுகளாகவே வந்தன. திடீரென்று வண்டியை ஓரம் கட்டி, திரும்பி, தன் போனை நீட்டினார்.

"இந்தா, இதுல பேசும்மா. அண்ணன் காத்துனு இருப்பாருல்ல?"

நல்ல மனதோடு சொன்னாரா, நக்கலா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வாங்காவிட்டால் சித்தியின் பொய் உடைந்துவிடும். வீட்டு நம்பரைப் போட்டால் அது அவர் போனில் தங்கிவிடும். தன் நம்பரிலேயே கடைசி எண்ணை மட்டும் மாற்றிப் போட்டாளாம், பிற்பாடு அம்மாவிடம் சொல்லும்போது கேட்டேன். மணி அடித்தது.

"யாரு?" என்றது ஓர் ஆண் குரல். பழைய போன், பேசுவது வண்டி முழுக்கக் கேட்டது.

"அண்ணே, நான்தான். என் போன் ஆஃப் ஆயிடுச்சு. இது ஆட்டோக்காரரு போனு. தொழிற்பேட்டையில வண்டிய நிறுத்தியிருக்காரு. கூட பாப்பாவும் இருக்கா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். ராங் நம்பர் என்று அந்த ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

"செரிம்மா" என்றது குரல், அவசரமே இல்லாமல். "மூலக்குளம் முனையிலதான நிக்கணும்? நிக்கறேன். இந்த நம்பரு எங்கிட்ட வந்துடுச்சு, அவருகிட்ட சொல்லு. பயப்படாம வா."

சித்தி போனில் மூலக்குளம் என்ற பேரையே எடுக்கவில்லை. ஏறியபோது ஆட்டோக்காரரிடம் சொன்னதோடு சரி. தொழிற்பேட்டை வழியாக வருகிற ஆட்டோ மூலக்குளத்துக்குத்தான் போகும் என்று ஊகித்த யாரோ ஒரு ஊர்க்காரர்தான்.

ஆட்டோக்காரர் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நேராக மூலக்குளம் முனையில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் நல்லவராகவும் இருந்திருக்கலாம். சித்தி ஒருநாளும் அதை ஒத்துக்கொண்டதில்லை.

இறங்கியதும் நான் சிவப்புத் தொப்பியைத் தேடினேன். இளநீர் வண்டிக்குப் பின்னால்கூடப் போய்ப் பார்த்தேன். யாருமே இல்லை. எனக்கு வந்ததே கோபம்! "நிக்கறேன்னு சொல்லிட்டு மாமா வரவே இல்ல, பொய்யி" என்று ரோட்டோரத்தில் காலை உதைத்து அழுதேன். புதுச் செருப்பு ஒன்று கழன்று போய் விழுந்தது.

சித்தி அதை எடுத்து வந்து என் காலில் மாட்டினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"யாரு சித்தி அந்த மாமா?"

"தெரியலடி" என்றாள்.

சொந்த அண்ணனையே தெரியாது என்கிறாளே என்று எனக்கு அவள்மேல் இன்னும் கோபம் வந்தது. வீடு வரைக்கும் அவள் கையைப் பிடிக்காமலே நடந்தேன்.