மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சொன்னேன்

எங்கள் அண்ணன் போய் ஒரு வருசம் ஆகிறது. இந்த நினைவு மலரில் தம்பியும் எழுத வேண்டுமாம். மூன்றாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் சொல்லச் சொல்ல அண்ணன் மகள் எழுதுகிறாள்.

அண்ணன் பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே, எங்கள் மலையின் இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில். அப்பா இறந்தபின் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்து எங்களை வளர்த்தார். அக்காவை மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் சுற்றிப் போனால் அரை நாள். முனியாண்டி கோயிலடியில் ஏறிப் புல்வெளி தாண்டி இறங்கினால் இரண்டு மணி நேரம். நோயாளிகளை நாற்காலியில் வைத்து அந்தப் பாதையில் சுமக்கும்போது அண்ணன் முன்னால் நிற்பார். நான் பின்னால், குடை பிடிக்க.

அன்று காலை அண்ணன் பிளேன்டீ கேட்டார். கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

அக்கா வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. நடந்தேன். அட்டை கடித்ததும் தெரியவில்லை. அக்கா வாசலில் தனியாக மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அண்ணன் செத்துட்டாரு."

"நானுந்தான். உக்காரு, தேத்தண்ணி குடி."

"நெசமாத்தான்க்கா."

"போன திருவிழாவுக்கும் அண்ணனுக்கு முடியலன்னு சொல்லித்தான மலையேற வச்ச. போடா கோமாளி. அண்ணனுக்குப் பலாக்கொட்டக் கறி ஆக்கி எடுத்துக்கிட்டு வர்றேன், நீ போ."

திருவிழாவுக்குப் பொய் சொன்னது உண்மைதான். அன்று அண்ணனும் சேர்ந்து சிரித்தார். இப்போது அழுதிருந்தால் அக்கா நம்பியிருப்பார். எனக்கு அழுகை வரவில்லை. சத்தியம் செய்தேன், அதற்கும் சிரித்தார். திரும்பி வந்துவிட்டேன்.

பின்னேரம் கோயிலடியில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா சிவப்புச் சேலையில், கையில் தூக்குச்சட்டியோடு இறங்கி வந்தார்.

"கொடியெல்லாம் கட்டியிருக்கியேடா" என்றார், சிரித்துக்கொண்டே.

கீழே லயத்தில் சாவுக்கு அடிக்கும் தப்புச் சத்தம் கேட்டது. அக்கா நின்றார்.

"அண்ணன் செத்த அன்னைக்கு என்னையச் சிரிக்க வச்சிட்டியேடா."

அதன்பிறகு இன்றுவரை அவர் என்னோடு பேசவில்லை.

பந்தல் போட்ட பக்கத்து லயத்து ஆட்களுக்கும், கீழ்க் கிராமத்திலிருந்து வந்து தோள் கொடுத்த சிங்கள நண்பர்களுக்கும், மூன்று நாள் சமைத்து அனுப்பிய மிளகுக் கடை முஸ்லிம் நானாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்காவுக்கான மலரை நானே மலையேறிக் கொண்டு போகிறேன். கையில் கொடுத்துவிட்டு நிற்பேன். எதுவும் சொல்ல மாட்டேன்.