சோலை வாசலில் கிடந்த டயர் செருப்பு

செருப்பை ஒளித்து வைப்பதில் நான் கெட்டிக்காரன். முப்பது வயது வரைக்கும் என்னிடம் இருந்த ஒரே திறமை அதுதான் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. யோசித்துப் பார்த்தாலும் வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. கல்யாண வீடோ காதுகுத்து வீடோ, பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவியதும் என் முதல் வேலை வாசலுக்கு வருவது. யாருடையதாவது ஒரு ஜோடியை எடுத்து வேலிக்குள் செருகுவேன். அந்த ஆள் சுடுகிற மண்ணில் கால் மாற்றி மாற்றித் தத்துவதைப் பார்த்துச் சிரிப்பேன். என்னோடு சேர்ந்து சிரித்தவர்கள் ஒருவரோ இருவரோதான். ஊரே சிரிக்கிறது என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

எழுபதுகளின் நடுவில் நான் தேனி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. காலை பஸ்ஸைப் பிடித்துக் கம்பம் போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காமயகவுண்டன்பட்டியில் இருந்த அக்கா வீட்டுக்குப் போவேன். அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். போனது கறிச்சோற்றுக்கு.

அக்கா புருஷனை நான் மச்சான் என்பேன். அவர் என்னை மாப்ள என்பார். ஊருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை போட்டிருந்தார். அந்தத் தோட்டத்தை ஒட்டித்தான் சோலை.

சோலை என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். இரண்டு ஏக்கர்கூட இருக்காது. சுற்றிலும் எல்லோரும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டுவிட்டார்கள். அந்த நிலத்தில் இது ஒன்றுதான் கறுப்பாக நின்றது. நாவல், மருதம், புங்கை, அவற்றுக்கு மேலே வானத்தை அடைத்துக்கொண்டு நாலைந்து இச்சி மரங்கள். நடுவில் சாமிக்கு மூன்று கல். சாமியின் காடு என்பதால் அங்கே ஒரு மரத்திலும் கத்தி படக்கூடாது. கீழே விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கக்கூடாது. காய்ந்த கொப்பு தானாக முறிந்து, பாதி வழியில் கொடியில் சிக்கி, வருஷக்கணக்கில் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும்.

செருப்புக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் செருப்புக் காலோடு போக யாருக்கும் மனசு வராது. எவ்வளவு பெரிய ஆளும் கல்லடியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். இதில் ஊருக்கு ஒரு வசதி இருந்தது. யாரையாவது தேடி வந்தால் கல்லடியைப் பார்த்தால் போதும். செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே. கிடக்கவில்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

மச்சான் ஒருமுறை என்னை உள்ளே கூட்டிப் போயிருக்கிறார். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. நாலு எட்டு வைத்ததும் உள்ளே பொழுது சாய்ந்த மாதிரி ஆகிவிட்டது. காலடியில் சருகு கணுக்கால் வரை புதைந்தது. மேலே காய்ந்து, கீழே ஈரமாக, அதற்கும் கீழே ஏதோ அழுகிக்கொண்டிருந்தது. எனக்குப் பயம். பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. சாமிக்குக் கொசு கடிக்காதா, சொறிந்துகொள்ளக் கை எங்கே என்று உளறிக்கொண்டே போனேன்.

"வாயப் பொத்திக்கிட்டு வா மாப்ள" என்றார் மச்சான். "கீழயும் பாரு, மேலயும் பாரு. கீழ பாம்பு, மேல கொப்பு. நீ என்னடான்னா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு வார."

அந்த ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மச்சான் வீட்டில் இல்லை.

"மொதக் கொலைய சாமிக்கு வைக்கப் போயிருக்காக" என்றாள் அக்கா. தோட்டத்தில் வெட்டும் முதல் குலையைச் சோலையில் வைத்த பிறகுதான் வியாபாரியை உள்ளே விடுவது அவர்கள் வழக்கம். "போயிக் கூட்டிட்டு வா, சேந்து சாப்புடுங்க."

"பசிக்குதுக்கா."

"ஒனக்கு எப்பத்தேன் பசிக்கல?" என்று சொல்லிக்கொண்டே இலையைப் போட்டாள்.

நன்றாகச் சாப்பிட்டேன். மச்சானுக்கு என்று எடுத்து வைத்திருந்த ஈரலையும் சாப்பிட்டேன். அவரைப் பார்த்துவிட்டு அப்படியே மெயின் ரோட்டில் பஸ் ஏறிக்கொள்கிறேன் என்று மஞ்சள் பையோடு கிளம்பினேன்.

கல்லடியில் மச்சானுடைய செருப்பு கிடந்தது. லாரி டயரில் அறுத்துத் தைத்தது. இடது கால் வார் அறுந்து போய், அதற்குப் பதில் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருப்பார். அந்தச் செருப்பை ஊரில் தெரியாதவர் கிடையாது. "மச்சான்!" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். பக்கத்துத் தோட்டத்தில் ஆயில் இன்ஜின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மழை ஓய்ந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது, பாதையெல்லாம் நெருஞ்சி. மச்சான் வெறுங்காலோடு என்னைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு நடப்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு செருப்பையும் பைக்குள் போட்டேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். பையின் வாயைச் சுருட்டிப் பிடித்தபோது சோலைக்குள் மடமடவென்று ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. இன்ஜின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. காக்கைகள் கிளம்பின. மச்சான் வந்துவிட்டார், பிடித்துவிடுவார் என்று நினைத்து ரோட்டைப் பார்த்து ஓடினேன். சோலையில் எதுவோ ஒன்று எப்போதும் முறிந்துகொண்டுதானே இருக்கும் என்று ஓடும்போது சொல்லிக்கொண்டேன். எனக்கு நானே சொன்ன அந்தச் சமாதானத்தைக்கூட இன்றைக்கு வரை மறக்க முடியவில்லை.

தேனி வரைக்கும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். அறைக்கு வந்ததும், கூடத் தங்கியிருந்த கணக்குப்பிள்ளையிடம் செருப்பை எடுத்துக் காட்டினேன். அடுத்த ஞாயிறுதான் திருப்பிக் கொடுப்பேன் என்றேன். அவரும் சிரித்தார். அன்றைக்கு ஒருவராவது சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை கடை திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தோம். ஆயில் இன்ஜின் வைத்திருந்த அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். வேட்டியெல்லாம் சகதி.

"தம்பி, ஒங்க மச்சான் இங்கன வந்தாகளா?"

"இல்லையே அண்ணே. ஏன்?"

"நேத்து மத்தியானத்துலருந்து ஆளக் காணோம். கெணறு பூராம் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவியாச்சு. வாய்க்கால்லயும் பாத்தாச்சு. ஒரு ஆள கொமுளிக்கு அனுப்பியிருக்கு."

"குமுளிக்கு எதுக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "ஊருக்குள்ள ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசுறாக. அங்கன ஒரு மலையாளத்துப் பொம்பள கூடத் தொடுப்புன்னு... விடுங்க தம்பி. ஒங்க அக்கா காதுபடவே சொல்லிப்புட்டாக."

"சோலைக்குள்ள பாத்தீகளா?"

"கல்லடி வரைக்கும் போனோம்ல. செருப்பு இல்ல. பெறகு உள்ள என்னத்தப் பாக்க?"

நான் அறைக்கு ஓடி, ஆணியில் தொங்கிய பையை எடுத்து வந்து அவர் முன்னால் திறந்தேன். அவர் அந்த டியூப் வாரைத் தொட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைத் தன் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"தந்தி குடுப்பமா அண்ணே? போன் போடுவமா?"

"போஸ்டாபீஸ் தெறக்க நேரமாகும். அதுக்குள்ள பஸ்ஸே போயிரும். வாங்க."

பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் அவர் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். சின்னமனூரில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். உத்தமபாளையத்தில் தார் தாராக வாழைக்காய் ஏற்றினார்கள். கண்டக்டர் எல்லோரையும் நகரச் சொன்னார். இதெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் நடப்பதுதான், அன்றைக்குத்தான் பார்த்தேன். கம்பம் வரும் வரைக்கும் தோட்டக்காரர் திரும்பி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"உசுரு இருந்தாச் சரி."

நாங்கள் போனபோது உச்சிப்பொழுது. அவர் வழியிலேயே எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்ததால் பதினைந்து இருபது பேர் பின்னால் வந்தார்கள். எல்லோரும் கல்லடியில் செருப்பைக் கழற்றினார்கள். அந்த அவசரத்திலும் கழற்றினார்கள். நானும்தான்.

மச்சான் எல்லைக்கல்லிலிருந்து நாற்பது எட்டு தூரத்தில்தான் கிடந்தார். உரல் பருமனுக்கு ஒரு இச்சிக் கொப்பு அவருடைய வலது தொடைக்கு மேல் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே சருகும் சேறுமாக இருந்ததில் கால் எது, கட்டை எது என்று தெரியவில்லை. கைக்கு எட்டாத தூரத்தில் திராட்சைக் குலை. அதில் எறும்பு மொய்த்திருந்தது. அவர் மேலும்தான்.

கண்ணைத் திறந்தார். என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"நேத்துச் சாயங்காலம் கல்லடியில நின்னு பேசுனாக மாப்ள" என்றார். உதடு ஒட்டிக்கொண்டு குரல் சரியாக வரவில்லை. "செருப்பு இல்ல, உள்ள ஆளு இல்லன்னாக. எனக்குக் கேட்டுச்சு. மத்தியானம் பூராக் கத்தித் தொண்ட போயிருச்சு, நான் கூப்புட்டது அவுகளுக்குக் கேக்கல. இன்ஜினு வேற ஓடுச்சு."

நான் குனிந்து அவர் முகத்தில் ஊர்ந்த எறும்புகளைத் தட்டிவிட்டேன்.

கடப்பாரை போட்டு நாலு பேர் நெம்பினார்கள். கொப்பின் மறுமுனை மரத்துக் கவையில் சிக்கியிருந்ததால் அசையவில்லை. ஒருவரிடம் கோடாலி இருந்தது. ஆனால் அவர் அதைப் பிடித்தபடி நின்றார். "பூசாரிய ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்" என்றார். "ஆமா, கத்தி படக்கூடாதுல்ல" என்றார் இன்னொருவர். பூசாரியைக் கூப்பிட ஒரு ஆள் ஓடினான். மற்றவர்கள் காத்து நின்றார்கள். நானும் நின்றேன்.

அக்கா வந்தாள். திருவிழா தவிர மற்ற நாளில் பெண்கள் உள்ளே வருவதில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். கோடாலிக்காரரைப் பார்த்தாள்.

"ஏன்யா நிக்கிறீக?"

"சாமி எடம் ஆத்தா..."

அவர் கையிலிருந்து கோடாலியைப் பிடுங்கினாள். "சாமி கேட்டா எம்பேரச் சொல்லுங்க." ஓங்கிப் போட்டாள். முதல் வெட்டு வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவது வெட்டுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து கோடாலியை வாங்கிக்கொண்டார்கள்.

மாட்டு வண்டியில் கம்பம், அங்கிருந்து காரில் மதுரை. வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். "நேத்தே கொண்டாந்திருந்தாக் கட்டுப் போட்டு அனுப்பியிருப்போம்" என்றார் டாக்டர். அக்காவிடம்தான் சொன்னார். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஊரில் என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. அதற்குப் பிறகு எந்த விசேஷ வீட்டுக்கு நான் போனாலும், பந்திக்குப் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். சோலைக்குப் போகிறவர்கள் இப்போதெல்லாம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வெட்டியது போக மிச்சக் கொப்பு மட்டும் கவையில் அப்படியே தொங்குகிறது. அதற்குப் பிறகு அதில் யாரும் கைவைக்கவில்லை.

மச்சான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் போய், அவரைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன். பந்தல் நிழலில் இறக்கிவிட்டால், ஊன்றுகட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைக்கெட்டுகிற குலைகளில் அழுகிய காயைக் கிள்ளிக் கழிவு எடுப்பார். சோலைப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவார். திரும்பி வரும் வழியில் நான் ஏதாவது சொல்லுவேன், அவர் சிரிப்பார். பழையபடி ஆகிவிட்டோம் என்று எனக்கு ஒரு நிம்மதி வந்திருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் கிளம்பும்போது, அந்த டயர் செருப்பை எடுத்து வரச் சொன்னார் மச்சான். அக்கா அதைப் பரணில் போட்டு வைத்திருந்தாள். இடது செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார். வலதை என் பக்கம் நீட்டினார்.

"இத நீ வச்சுக்க மாப்ள. ஒளிச்சு வைக்க ஒனக்கும் ஒன்னு வேணும்ல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் நிறுத்திய பிறகும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் சிரிப்புக் கணக்கில் விட்டுவிட்டேன். அந்த ஒற்றைச் செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வழக்கமாக வாசலோடு நின்றுவிடும் அக்கா அன்றைக்குத் தெருமுனை வரைக்கும் வந்தாள். டவுன் பஸ் வருவது தெரிந்ததும் சொன்னாள்.

"ஏலே, அவுக சிரிக்கிறாகன்னு நீயும் கூடச் சேந்து சிரிக்காத. ஒன்னயக் கோவிச்சுக்கிட்டா அவுகளத் தோட்டத்துக்குத் தூக்கிட்டுப் போக வேற நாதி இல்ல. அதுக்குத்தேன் சிரிக்கிறாக."