கருங்காலிக்குக் கட்டிய மஞ்சள் துணி

திருக்கழுக்குன்றத்திலிருந்து அணுபுரம் போகும் வழியில், ஏரிக்கரை மேல் ஒரே ஒரு கருங்காலி நின்றது. பள்ளிக்கூடத்துக்கு நான் தினமும் அதைக் கடந்துதான் வண்டியில் போவேன். தாவரவியல் வாத்தியாரான எனக்கு மட்டும்தான் அது என்ன மரமென்று தெரியும் என்றொரு கர்வம். ஒரு மர வியாபாரி வந்து அடிமரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போன அன்று அந்தக் கர்வத்தில் மண் விழுந்தது.

மரத்தை வெட்ட விடக்கூடாது என்று மனு எழுதினேன். போன அலுவலகத்திலெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள். வியாபாரி ரம்பத்தோடு வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். சாமி கும்பிடும் பழக்கமே இல்லாத நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிமரத்தில் மஞ்சள் துணி சுற்றி, குங்குமம் வைத்து, இரண்டு செங்கல்லை நட்டுவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட மரத்தை வெட்ட எவனுக்கும் கை வராது. வியாபாரி வந்தான், செருப்பைக் கழற்றிக் கும்பிட்டான், போய்விட்டான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கருங்காலி மாலை போட்டால் கஷ்டம் தீரும் என்று ஊரே செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதை யோசிக்காத படித்த முட்டாள் நான். வியாபாரி மூலம் மரத்தின் பேர் ஊருக்குள் பரவியது. முதலில் எலுமிச்சம்பழம் வந்தது, பிறகு கற்பூரம், பிறகு கத்தி. வேண்டிக்கொண்டவர்கள் ஆளுக்கொரு சில்லு பெயர்த்துப் போனார்கள். பட்டைக்கு உள்ளே வெளுப்பாக இருந்ததால், கறுப்பு தெரியட்டும் என்று இன்னும் ஆழமாகச் செதுக்கினார்கள். சாணியும் செம்மண்ணும் குழைத்துக் காயத்தில் பூசினேன். மறுநாள் அதையும் பிரசாதமாக வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். பட்டை சுற்றிவரப் போய்விட்டால் மரம் பிழைக்காது. இதை வகுப்பில் படம் போட்டு நடத்துகிறவன் நான். ஒரு கையகலம்தான் பாக்கி இருந்தது.

அந்தக் கையகலத்தில் ஒரு பெண் கத்தி வைப்பதைப் பார்த்து, வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். இது சாமியே இல்லை, துணி கட்டியது நான்தான் என்று கெஞ்சினேன்.

"எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கீறாரு சார்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "சாமிதான் உங்க கையால கட்ட வச்சிகீது."

கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரி என்று சொன்னவளை என்னால் தடுக்க முடியவில்லை. மரம் செத்துக்கொண்டிருக்கிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன். செதுக்கி முடித்ததும் சில்லை இரண்டாக உடைத்து, பாதியை என் கையில் வைத்தாள். ஈரமாக இருந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.