நான்கு வாரக் கெடு

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். வேலை நேரம் போக, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்து வைக்கப்பட்ட மென்பொருள்களுக்குக் கூலியில்லாமலும் உழைப்பேன். அந்தக் கிறுக்கு என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காரைக்காலில் எங்கள் சொந்தத்தில் யார் புதுப் போன் வாங்கினாலும் பிடுங்கி வைத்துக்கொண்டு, வேவு பார்க்கும் செயலிகளையெல்லாம் துடைத்தெடுத்த பிறகுதான் திருப்பித் தருவேன். "உன் போன் உன் பேச்சத்தான் கேக்கணும், கம்பெனிக்காரன் பேச்ச இல்ல" என்று ஒரு பிரசங்கமும் உண்டு. கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் போனை மறைத்துக்கொள்வார்கள்.

தப்பிக்கத் தெரியாதவர் என் லாத்தா, உடன்பிறந்த அக்கா. அவர் கணவருக்கு, என் மச்சானுக்கு, துபாயில் வேலை. இருவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் குரல் பதிவுகளில்தான். மச்சான் விடுப்பில் வந்திருந்தபோது இருவர் போனிலும் ஒரு திறந்த செயலியைப் போட்டுக் கொடுத்தேன். எந்தச் செய்தியும் நான்கு வாரத்தில் இரண்டு பக்கமும் தானாக அழியும்படி அமைத்தேன். இல்லாத செய்தியை எவனும் திருட முடியாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அவர்களிடம் கேட்கவில்லை. வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டே செய்த வேலை அது. அவர்களும் கவனிக்கவில்லை, தினம் புதிதாகக் குரல் வந்துகொண்டிருக்கும்போது பழையதை யார் தேடுவார்கள்?

மச்சான் அங்கே வேலையிடத்திலேயே நெஞ்சுவலியில் மவுத்தானார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். லாத்தா கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. கணவனை இழந்தவர் இருக்க வேண்டிய இத்தா இருந்து, வெளியே போகாத அந்த மாதங்களில் அவருக்கு மிஞ்சியது குரல் பதிவுகள் மட்டும்தான். கடைசிப் பதிவில் பெரிதாக ஒன்றுமில்லை. "மோட்டாரப் போட்டுட்டு மறந்துடாத புள்ள, தொட்டி வழியப் போவுது." அதையே திரும்பத் திரும்பக் கேட்பார். பக்கத்து அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் காதிலும் தினமும் விழுந்தது. கெடு என் நினைவுக்கு வரவேயில்லை. வந்திருந்தால், பிரதி எடுத்து வைக்க ஐந்து நிமிடம் போதும்.

ஒரு காலையில் லாத்தா போனை இரு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, கடைசியா இருந்ததும் போயிருச்சுடா. கொஞ்ச நாளாவே ஒவ்வொண்ணா கொறஞ்சுட்டு வந்துச்சு. என் கைதான் எங்கயோ படுதுன்னு நெனச்சேன். நீ ஏசுவியோன்னு சொல்லல."

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"பட்டிருக்கும் லாத்தா" என்றேன்.

அதைவிடக் கேவலமான ஒரு சொல் என் வாயிலிருந்து வந்ததில்லை. அதன் பிறகு அவர் போனை ஒற்றை விரலால்தான் தொட்டார். அழைப்பு வந்தால்கூட, "இத அமுக்கலாமா?" என்று என்னைக் கேட்டார்.

இத்தா முடிந்த பிறகு, மச்சானோடு அங்கே ஒரே அறையில் தங்கியிருந்தவர் விடுப்பில் வந்து அவருடைய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். சட்டைகளுக்கு நடுவே போன் இருந்தது. லாத்தாவே சார்ஜ் போட்டார். பூட்டு திறக்கும் எண் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அவங்க பேசி அனுப்புனதெல்லாம் இதுல இருக்கும்ல? நீயே தொறந்து எடுடா. நான் தொட மாட்டேன்."

இருக்காது என்று தெரிந்தேதான் திறந்தேன். ஒரு பதிவும் இல்லை.

லாத்தா வெற்றுத் திரையை வெகுநேரம் பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுல என் கை படவே இல்லையேடா தம்பி?"