குடைக்கு ஓட்டுக் கேட்ட மெட்டு

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் முதலமடைப் பக்கம் தெரிந்த மெட்டில் வேறு வரி போட்டு ஓட்டுக் கேட்கும் பாரடிப் பாட்டு ஜீப்பில் ஓடியாக வேண்டும். போன பஞ்சாயத்துத் தேர்தலில் குடைச் சின்னத்தில் நின்ற நண்பனுக்கு நான்தான் எழுதினேன். எங்கள் ஊர் ஆர்மோனியக்காரர், கல்யாணமான புதிதில் தன் மனைவிக்காகக் கட்டிய பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டேன். மாரியம்மன் திருவிழாவில் வருடந்தோறும் அவர் பாடும் பாட்டு அது. அவரிடம் கேட்கவில்லை; மறுத்துவிடுவாரோ என்ற பயம்.

நண்பன் ஜெயித்தான். எனக்கோ உள்ளுக்குள் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் கடைவீதியில் எதிரே வந்த ஆர்மோனியக்காரர், "தம்பி, வரியெல்லாம் மெட்டுல கச்சிதமா உக்காந்திருக்குதுங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாடா என்றிருந்தது.

திருவிழா வந்தது. மேடையில் அவர் அந்தப் பாட்டைத் தொடங்கியதுமே கூட்டம் முழுக்க என் வரியைப் பாடிச் சிரித்தது. அவரும் சிரித்தார். பாடுவதை நிறுத்திவிட்டு, ஆர்மோனியத்தை மட்டும் வாசித்து முடித்தார்.

நான் நழுவப் பார்த்தேன். முன்வரிசையிலிருந்து எழுந்து வந்த அவர் மனைவி வழிமறித்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏனுங்க தம்பி, முப்பது வருசமா அது என்ற பாட்டுங்க. இப்ப அவரு ஊட்டுல எனக்குன்னு பாடுனாக்கூட, குடைதானுங்க கண்ணு முன்னால வருது. அதை எப்படியாச்சும் எடுத்துடுங்க."

என் செல்போனில் இருந்த குடைப் பாட்டை அழித்தேன். ஜீப்காரரையும் அழிக்க வைத்தேன். வண்டி ஓட்டும்போதெல்லாம் ஆர்மோனியக்காரரின் பழைய வரிகளைப் பாடிப் பார்க்கிறேன். இரண்டாவது அடியிலேயே குடை விரிந்துவிடுகிறது.