மாரப்பன் வெட்டின இடம்

நேற்றைய காற்றில் மரம் விழுந்து, எங்கள் மலைச்சாலையில், கோயில் காட்டருகே நான் வந்த பஸ் நின்றுவிட்டது. முறிந்த பச்சை மரத்தின் வாசனை என்னைச் சிறுவயதுக்கு இழுத்துப் போனது.

அப்போது கோயில் காட்டின் மிகப் பழைய நாவல் மரம் ஒரு மழைநாளில் விழுந்தது. அன்று என் அப்பா மாரப்பன் கோடரியோடு அந்த வழியே போயிருந்தார். அவர்தான் வெட்டினார் என்று ஊரே பேசியது. சாமி மரத்தை வெட்டியவரை ஊரை விட்டு விலக்கிவிடுவார்கள். அம்மாவுக்கும் சந்தேகம்.

"நெசமாச் சொல்லுங்க. நீங்க கை வெக்கலீங்களா?"

"வா, நீயே வந்து பாரு."

மூவரும் போனோம். மரம் வேரோடு புரண்டு கிடந்தது. அம்மா அடிமரத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். வெட்டே இல்லை. அதன்பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

ஊர்க்காரர்களோ, "வேரத் தோண்டிச் சாச்சிருப்பான்," என்றார்கள். ஆனாலும் தோண்டிய தடம் இல்லாததால் விலக்காமல் விட்டார்கள்.

இரண்டு மழைக்காலம் போனது. இருண்டு கிடந்த அந்த இடத்தில் வெயில் விழுந்து, நாவல் கன்றுகள் நெருக்கமாக முளைத்தன. கறையானுக்காகக் கரடி அடிமரத்தைக் கிளறியிருந்தது. காட்டுக்கோழி குஞ்சுகளோடு மேய்ந்தது. அம்மா ஊர்ப் பெரியவரை அழைத்துப்போய், "சாமி குத்தமுன்னா இப்பிடித் தழைக்குங்களா?" என்று காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோழி புடிக்கத்தான் சாச்சானோ என்னமோ," என்றார்.

இப்போது நின்ற பஸ்ஸில் வெளியூர்க்காரர் ஒருவர், "இது எந்த எடமுங்க?" என்று கேட்டார்.

"மாரப்பன் வெட்டுன எடமுங்க," என்றார் கண்டக்டர். அவர் அப்பாவைப் பார்த்ததே இல்லை.