பரிசுக் கூப்பனும் கழுத்துத் தழும்பும்

கிழவி கழுத்தில் தழும்பு எப்படி வந்தால் உங்களுக்கென்ன? ஊர்க்கதை கேட்க அவ்வளவு ஆசையா! சரி, நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள், படித்துத் தொலையுங்கள்.

கும்மிடிப்பூண்டி ஜவுளிக்கடையில் சேலை எடுத்தபோது, பரிசுக் கூப்பனைக் கடைப்பெண்ணே எனக்காக நிரப்பினாள். பெயரும் விலாசமும் கேட்டுவிட்டு, "பரிசு உழுந்தா குடுக்கணும் ஆயா, பகல்ல ஊட்ல யாரு இருப்பாங்க?" என்றாள்.

"நான் மட்டுந்தாம்மா. புள்ளையும் மருமவளும் கம்பெனிக்குப் போய்டுவாங்க" என்று கடைக்கே கேட்கும்படி சொன்னேன்.

மறுநாள் பகலில் ஒருவன், "பரிசு வந்துக்குது ஆயா" என்று உள்ளே வந்தான். கடையில் எனக்குப் பின்னால் நின்றவன்! என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து முறுக்கி நெரித்தான். கண் இருட்டியது. கைக்கெட்டிய அடுப்பிலிருந்த கொதிகஞ்சியை அவன் முகத்திலேயே கவிழ்த்தேன். தோல் உரிய, அலறிக்கொண்டு ஓடினான்.

விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொன்னேன்: "இனிமே எந்தக் கடைல கேட்டாலும், நாலு தடியனுங்க நைட் ஷிப்டு முடிச்சிட்டு ஊட்ல தூங்கிக்கினு இருக்கானுங்கன்னு சொல்லுங்கடி. நான் அப்டித்தான் சொல்றேன்."